புரொஜெக்டரா, ரீவியா, வெண்கட்டியா? வன்னி வகுப்பறைக்கு எது சரிவரும்

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் இப்போது முதலில் வாயில் வருவது புரொஜெக்டர்தான். முந்தி மேசை கதிரை, பிறகு சைக்கிள், இப்போது இது. "சேர், ஒரு மல்ரிமீடியாவும் லப்டொப்பும் வேண்டித் தரட்டோ, இல்லாட்டி ஸ்மார்ட் போர்டே போடுவமோ?" என்று வட்ஸ்அப்பில் கேள்வி வந்தால் அதிபரும் ஆசிரியர்களும் உடனே ஓம் என்றுவிடுகிறார்கள். வருகிறதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தக் காசு திரும்பத் திரும்ப வராது. பரந்தன், விசுவமடு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாங்குளம் என்று வன்னிப் பக்கம் படிப்பிக்கிறவர்கள் பதில் அனுப்ப முதல் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிரதானம் பலகைதான், பலகையில் கீற முடியாததுக்குத்தான் சிலைட். கருவி வாங்குவதென்றால் பெரும்பாலான வன்னிப் பாடசாலைகளுக்கு முதலில் ஒரு பெரிய ரீவி. புரொஜெக்டர் அடுத்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. தொட்டு எழுதும் மின்பலகையான ஸ்மார்ட் போர்ட் கடைசி. ஏன் என்று இனிப் பார்ப்போம்.

சிலைட் எங்கே தோற்கிறது, எங்கே வெல்கிறது

பவர்பொயின்ட் 1987இல் மக்கின்ரொஷ் கணினிக்காக வந்த மென்பொருள். ரொபேட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஒஸ்ரின் ஆகிய இருவரும் ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனத்தில் இருந்து உருவாக்கியது. அதே ஆண்டிலேயே மைக்ரோசொஃப்ட் 14 மில்லியன் டொலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. அலுவலகக் கூட்டத்தில் ஒளி பாய்ச்சிக் காட்டும் ஓவர்ஹெட் தாள்களைப் பேசுகிறவர்களே இலகுவாகச் செய்துகொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். கூட்டத்துக்கு வந்தவர் கேட்டுவிட்டு எழும்பிப் போவார். அதைக் கொப்பியில் எழுதி வைத்து, தவணைச் சோதனையில் திருப்பி எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை. எங்கள் பிள்ளைக்கு இரண்டும் இருக்கிறது.

கணிதத்தை எடுங்கள். சாதாரண தரத்தில் நடுப்புள்ளித் தேற்றம் வருகிறது: முக்கோணியின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம், அதன் அரைவாசி நீளம். ஆசிரியர் முக்கோணியைக் கீறி, நடுப்புள்ளிகளைக் குறித்து, இணைத்து, அந்தக் கோட்டை நீட்டி, வரி வரியாக நிறுவிக்கொண்டு போகிறார். வகுப்பும் கூடவே எழுதிக்கொண்டு வருகிறது. வெண்கட்டியின் வேகமும் பேனையின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடையில் ஒரு பிள்ளை எழும்பி "ஏன் சேர் அந்தக் கோட்டை நீட்டினீங்கள்?" என்று கேட்டால், பலகையின் ஓரத்தில் இன்னொரு முக்கோணியைக் கீறி, நீட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று காட்டலாம். இதே நிறுவலைச் சிலைட்டில் போட்டால் ஒரு கிளிக்கில் மூன்று வரி வந்து விழுகிறது. பின்வாங்கில் இருப்பவன் முதல் வரியை எழுதி முடிக்க முதல் அடுத்தது வந்துவிடும். கேள்விக்கு அங்கே இடமும் இல்லை. நேற்றிரவு வீட்டில் தட்டச்சுச் செய்தது மட்டும்தான் இருக்கிறது. கணிதத்துக்கும் பௌதிகவியல் கணக்குகளுக்கும் சிலைட் வேண்டாம் என்பதே என் கட்சி.

கணித ஆசிரியர் திரையைத் தொடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஜியோஜிப்ரா என்ற இலவச மென்பொருளில் ஒரு வட்டத்தைக் கீறி, பரிதியில் உள்ள புள்ளியைச் சுட்டியால் இழுத்துப் பாருங்கள். புள்ளி அதே வில்லில் எங்கே போனாலும் மையக் கோணம் பரிதிக் கோணத்தின் இருமடங்காகவே நிற்கும். பலகையில் பத்து வட்டம் கீறினாலும் இது விளங்காது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். சிலைட் செய்ய மினக்கெடும் நேரத்தை இதில் செலவழிக்கலாம்.

விஞ்ஞானத்தில் கதை வேறு. இதயத்தின் நெடுக்குவெட்டு முகத்தைப் பலகையில் வடிவாகக் கீற வெளிக்கிட்டால் 40 நிமிடப் பாடவேளையில் பாதி போய்விடும். "அதுதான் பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசாங்கம் இலவசமாகத் தரும் புத்தகத்தில் நல்ல படமே இருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே எடுத்துத் திரையில் போடுவதென்றால் சிலைட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. அச்சுப் படத்தால் செய்ய முடியாத ஒன்றைச் சிலைட் செய்ய வேண்டும். முதல் சிலைட்டில் நாலு அறைகள் மட்டும். அடுத்ததில் வால்வுகள். அதற்கடுத்ததில் நீல அம்புக்குறியோடு ஒட்சிசன் குறைந்த இரத்தம் வலப்பக்கத்தால் நுரையீரலுக்குப் போகிறது. பிறகு சிவப்பு அம்பு இடப்பக்கத்தால் திரும்பி வருகிறது. ஒரே படம், ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்துகொண்டு போகிறது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும் இழையுருப்பிரிவின் அவத்தைகளும் அப்படித்தான். ஒன்றன் பின் ஒன்றாக நடப்பதை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டுகிற இடத்தில்தான் சிலைட் தன் கூலியை உழைக்கிறது.

புவியியலும் அதே பக்கம். இரணைமடுக் குளத்தின் செய்மதிப் படத்தைப் போட்டு, கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து குளத்தில் விழுவதையும், குளத்துக்குக் கீழே வயல்கள் வாய்க்கால் வாய்க்காலாக விரிவதையும் காட்டினால், நீர்ப்பாசனம் என்ற பாடத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அந்த வயலில் தண்ணி கட்டுகிறவரின் பிள்ளை வகுப்பில் இருக்கும். மிச்சத்தை அவனே சொல்வான்.

பந்தி பந்தியாக எழுத்தைப் போட்டு அதையே திரும்பி நின்று வாசிப்பதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் நடப்பது. வரலாறும் குடியியலும் இதில் மாட்டிக்கொண்டு படும் பாடு சொல்லி மாளாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பாபரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சட் மேயர் இதைப் பல பரிசோதனைகளில் ஆராய்ந்திருக்கிறார். படத்தையும் குரலையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை நன்றாகக் கற்கிறது. அதே குரலில் சொல்வதை எழுத்தாகவும் திரையில் போட்டால் கற்றல் குறைகிறது என்பது அவர் சொல்வதில் ஒன்று. கண் எழுத்துக்கும் படத்துக்கும் இடையில் அலைகிறது. இதற்கு விதிவிலக்கும் உண்டு: பாடம் பிள்ளையின் தாய்மொழியில் இல்லாதபோது எழுத்து கைகொடுக்கும். ஆகவே ஆங்கிலப் பாடத்துக்குச் சிலைட்டில் சொற்களைப் போடுங்கள், தமிழில் நடக்கும் வரலாற்றுப் பாடத்துக்கு விடுங்கள். ஆரம்பப் பிரிவுக்குச் சிலைட்டே வேண்டாம். அந்த வயதில் கையில் எடுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

அரைச்சுவர் வகுப்பறையில் கறுப்பு நிறம் கிடையாது

மென்பொருளைப் பற்றிக் கதைக்க முதல் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வகுப்பறைகள் பல அரைச்சுவர், மேலே கம்பி வலை, அல்லது அதுவும் இல்லை. காற்றுக்கு அருமையான ஏற்பாடு. புரொஜெக்டருக்குப் பரம எதிரி.

காரணம் இதுதான்: புரொஜெக்டரால் வெளிச்சத்தைச் சேர்க்க மட்டும்தான் முடியும். கறுப்பை அது எறிவதில்லை. கறுப்பு என்று நாங்கள் பார்ப்பது வெளிச்சம் படாத திரை. 3300 லூமென் என்று பெட்டியில் போட்ட ஒரு புரொஜெக்டரின் ஒளியை 2 மீற்றருக்கு 1.5 மீற்றர் அளவில் விரித்தால் ஒரு சதுர மீற்றருக்கு 1100 லூமென் அளவில் விழும். பகல் பத்து மணிக்கு அரைச்சுவரால் உள்ளே வரும் வெளிச்சம் இதே அளவுக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது திரையின் "கறுப்பு" வெறும் சாம்பல். கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்று ஆசை ஆசையாகச் செய்த சிலைட் முழுக்க அழிந்துபோகும். வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்து ஓரளவு தப்பும். வெளிச்சமான அறைக்கு எப்போதும் வெள்ளைப் பின்னணி. இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ரீவி தானே ஒளிர்கிறது, சுவரில் விழும் வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கண்ணாடிப் பளபளப்பு ஒரு தொல்லைதான். யன்னலுக்கு எதிரே மாட்டாமல் பக்கச் சுவரோரம் சாய்த்து மாட்டினால் சமாளிக்கலாம். அதன் உண்மையான குறை அளவு. 55 அங்குல ரீவியின் உயரம் 68 சென்ரிமீற்றர் மட்டும்தான். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விட வேண்டும். அதனால் ஒரு சிலைட்டில் ஆறேழு வரிக்கு மேல் போட்டால் பின்வாங்குக்குத் தெரியாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: 15 அங்குல லப்டொப்பில் சிலைட்டைப் போட்டுவிட்டு ஐந்தரை அடி தள்ளி நில்லுங்கள். 20 அடி வகுப்பறையின் பின்வாங்கில் இருப்பவனுக்கு 55 அங்குல ரீவி எப்படித் தெரியுமோ, அப்படித்தான் உங்களுக்கு இப்போது தெரிகிறது. வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது பாதியை வெட்டுங்கள். வெட்டுவதுதான் நல்லது.

கரண்டையும் பார்ப்போம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்த நாடு இது. இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும் மழைக்காலத்தில் மரம் முறிந்து வயரில் விழுந்தால் எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வந்து சேர நேரம் எடுக்கும். விளக்குள்ள சாதாரண புரொஜெக்டர் 250 முதல் 300 வாற் வரை இழுக்கும். 55 அங்குல ரீவி 100 முதல் 150 வாற். ஒரு 12 வோல்ற் 100 அம்பியர்மணி பற்றரியும் இன்வேட்டரும் இருந்தால், பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ரீவியையும் லப்டொப்பையும் இரண்டரை மூன்று மணித்தியாலம் ஓட்டலாம். புரொஜெக்டர் என்றால் இரண்டு மணித்தியாலம் கூட வராது. அதோடு, சூடான விளக்கு காற்றாடி ஓடி ஆற முதல் திடீரென்று கரண்ட் போனால் விளக்கின் ஆயுள் குறையும். சோளகம் பெயரும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதி அந்தக் காற்றாடி வழியாக உள்ளே போய் வடிகட்டியை அடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீவியை ஒரு பழைய சாரத்தால் மூடி வைத்தால் காணும்.

அப்படியென்றால் புரொஜெக்டருக்கு ஒரு நல்ல பக்கமும் இல்லையா? இருக்கிறது. ரீவியால் செய்ய முடியாத ஒரு காரியம் அதற்கு முடியும். திரையில் காட்டாமல் வெண்பலகையில் காட்டுங்கள். இலங்கையின் வெறும் வெளிக்கோட்டுப் படத்தை வெண்பலகையில் விழுத்திவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மார்க்கரால் பாலியாறு, பறங்கியாறு, அருவியாறு என்று குறிக்கச் சொல்லுங்கள். படம் குறித்தல் சோதனையில் வரும் விடயம். குறித்த பிறகு புரொஜெக்டரை மறைத்தால் படம் போய்விடும், பிள்ளை குறித்த புள்ளிகள் மட்டும் பலகையில் நிற்கும். திரும்பக் காட்டினால் யார் கடலுக்குள் ஆற்றை விட்டது என்று வகுப்பே சொல்லும். பல லட்சம் கொடுத்து ஸ்மார்ட் போர்டில் செய்ய நினைப்பதில் முக்கால்வாசி இதுதான். நான் சொன்ன நிபந்தனையும் இதுவே: நாலு பக்கமும் முழுச்சுவர் உள்ள, யன்னலுக்குத் திரை போட்ட ஒரு அறையும், மினுக்கம் குறைந்த வெண்பலகையும் இருந்தால் புரொஜெக்டர் ரீவியை வெல்லும். விஞ்ஞான கூடமோ கணினி அறையோ அப்படி இருந்தால் தாராளமாக அதற்கு வாங்கலாம்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல கருவிதான். பழுதானால் திருத்தக் கொழும்பில் இருந்து ஆள் வர வேண்டும், அதைப் பாவிக்கப் பழகிய ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் பரிசளிப்பு விழாவுக்குப் பெயர்ப்பலகை காட்டும் வேலைக்கு வந்துவிடும்.

எந்த மென்பொருள்

இங்கே ஆசிரியர்கள் நிறைய வாதாடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விடயமாகத் தெரியவில்லை. மேலே சொன்ன எளிய சிலைட்டுக்கு எதுவும் போதும். வித்தியாசம் இணையத்திலும் எழுத்துருவிலும்தான் இருக்கிறது.

கூகுள் சிலைட்ஸ் இலவசம், போனிலேயே செய்யலாம், தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன. வலயத்தில் உள்ள நாலைந்து விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்வதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் அதை வகுப்பறையில் இணையத்தில் இருந்து ஓட்ட நினைக்காதீர்கள். சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் நாற்பது பிள்ளைகளை இருத்திவிட்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். வீட்டில் செய்து, இறக்கி, பென்ட்ரைவில் கொண்டு போங்கள். கன்வாவும் அப்படித்தான், ஆசிரியர் என்று உறுதிப்படுத்தினால் கட்டணமில்லாத கல்விக் கணக்கு கிடைக்கும். அழகான வார்ப்புருக்கள்தான் அதன் பலமும் பலவீனமும். பூவும் வண்ணத்துப்பூச்சியும் ஓரத்தில் பறந்துகொண்டிருந்தால் பிள்ளை இதயத்தைப் பார்க்குமா, வண்ணத்துப்பூச்சியைப் பார்க்குமா?

லிப்ரே ஒஃபிஸ் இம்பிரஸ் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும், இணையம் தேவையில்லை. நன்கொடையாக வந்த பழைய லப்டொப்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். பவர்பொயின்ட் கோப்பை இதில் திறந்தால் சில இடங்களில் எழுத்தும் படமும் இடம் மாறி நிற்கும். வகுப்புக்கு முதல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பவர்பொயின்ட் உரிமத்தோடு ஏற்கெனவே இருந்தால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இரண்டிலும் ஒரு சின்ன வசதி உண்டு. காட்சி ஓடும்போது ஆங்கில B எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், திரும்ப அழுத்தினால் படம் வரும். பலகைக்குப் போகும்போது அதை அழுத்திவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பலகையில் எழுதுவதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒளிர்கிற பக்கம்தான் கண் போகும்.

உண்மையான தலையிடி பாமினி. எங்கள் ஆட்கள் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். வீட்டில் வடிவாகத் தெரிந்த சிலைட், பாடசாலைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறி நிற்கும். போனில் திறந்தாலும் அதே கதி. புதிதாகச் செய்வதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் செய்யுங்கள். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா என்ற யூனிகோட் எழுத்துரு ஏற்கெனவே இருக்கும். பழைய பாமினிச் சிலைட்டுகளைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. சேமிக்கும்போது எழுத்துருவையும் கோப்போடு பதிக்கும் தெரிவைப் போட்டுவிடலாம், அல்லது பேசாமல் பிடிஎஃப் ஆக்கிவிடலாம். பிடிஎஃப்பில் அசைவுகள் போய்விடும். ஆனால் இதயத்தைத் துண்டு துண்டாகத் தனித்தனிச் சிலைட்டில் செய்திருந்தால் ஒரு நட்டமும் இல்லை, பக்கத்தைத் தட்டினாலே படம் வளர்ந்துகொண்டு போகும்.

பவர்பொயின்ட்டில் எல்லாச் சிலைட்டையும் ஒரேயடியாகப் படங்களாகவும் சேமிக்கலாம். அப்படிச் சேமித்த படங்களைப் பென்ட்ரைவில் போட்டு ரீவியின் பின்பக்கத்தில் நேரடியாகச் செருகினால் லப்டொப்பே தேவையில்லை, ரிமோட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாம். பெரும்பாலான ரீவிகள் சிலைட் கோப்பைத் திறக்காது, படத்தைத் திறக்கும். பாடசாலைக்கு ஒரு லப்டொப், அதுவும் அதிபரின் அலுமாரிக்குள் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

சரி, வட்ஸ்அப்பில் கேட்ட பழைய மாணவருக்கு என்ன பதில் போடுவது? என்னைக் கேட்டால் இப்படி: 55 அங்குலத்துக்குக் குறையாத ஒரு ரீவி, சுவரில் மாட்டும் இரும்புச் சட்டம், இடி மின்னலுக்குத் தாங்கும் பாதுகாப்புப் பிளக், பற்றரியும் இன்வேட்டரும், ஐந்தாறு பென்ட்ரைவ். வாடை மழை தூவானமாக அடிக்காத, பூட்டக்கூடிய ஒரு அறையில் மாட்டி, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடவேளை என்று நேரசூசியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் திறப்பு யாரிடம் என்று தேடுவதிலேயே தவணை முடிந்துவிடும். இன்னும் காசு மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்னால், முழுச்சுவர் உள்ள அறையின் யன்னல்களுக்கு முதலில் திரைச்சீலை தைத்துத் தரச் சொல்லுங்கள். புரொஜெக்டரைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.